பின்சீட்டில் பல்லுக்காரர்

அவர் பல் செய்கிறவர். பல்லைப் பிடுங்குவது டாக்டரம்மாவின் வேலை. பிடுங்கிய இடத்துக்குப் புதுப் பல் செய்து கொடுப்பது இவர் வேலை. கிளினிக்கின் பின்பக்கம் ஒற்றை ஜன்னல் வைத்த அறை. மேஜை மேல் மெழுகு, பிளாஸ்டர் மாவு, ஸ்பிரிட் விளக்கு, கையில் பிடித்துத் தேய்க்கிற சின்ன மோட்டார். சுற்றிலும் யார் யாருடையதோ தாடைகளின் வார்ப்புகள், ஒவ்வொன்றிலும் பென்சிலால் எழுதிய தேதி. இருபத்தாறு வருஷமாக அதே முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார். தெருவில் எதிரே வருகிறவர்களின் முகத்தைப் பார்க்க மாட்டார், வாயைத்தான் பார்ப்பார். "மேல்வரிசை நம்மளோடது" என்று மனைவியிடம் மெதுவாகச் சொல்வார். பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்களே, போன சொல்லைத் திருப்பிக் கொடுத்தவர் என்பதால் அந்த வட்டாரத்தில் அவருக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. பெயர் மட்டும் யாருக்கும் ஞாபகம் இல்லை. பல்லுக்காரர், அவ்வளவுதான்.

அவரிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. தொண்ணூறு சிசி, டூ ஸ்ட்ரோக். அவருக்கும் அதற்கும் ஒரே வயது, நாற்பத்தொன்பது. கணக்குப் பார்த்தால் வண்டி மூன்று மாதம் மூத்தது. ஒரு காலத்தில் நீலமாக இருந்திருக்கும். டேங்க் ஒரு சின்னத் தலையணை அளவுதான். முன்விளக்கு பகலில் எரிகிறதா இல்லையா என்று கண்டுபிடிக்க உள்ளங்கையை வைத்துப் பார்க்க வேண்டும்.

அது அவர் கைக்கு வந்த விதமும் பல்லால்தான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் முழு பல்செட் கட்டிக்கொள்ள ஒருவர் வந்தார். கண்பார்வை குறைந்து வண்டி ஓட்டுவதை நிறுத்தியிருந்தார். வீட்டு வாசலில் சாக்கு போட்டு மூடி வைத்திருந்த வண்டியைப் பற்றிப் பேச்சு வந்தது. பல்லுக்காரர் போய்ப் பார்த்தார், சாக்கைத் தூக்கினார், மனசைப் பறிகொடுத்தார். தன் சொந்த நேரத்தில் செய்த மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் பதிலாக வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். "பல்லைக் குடுத்து வண்டி வாங்கினவர் இவர் ஒருத்தர்தான்" என்று அவர் மனைவி அன்று சொன்னாள். அதைச் சிரித்துக்கொண்டு சொன்னாளா என்பது அவருக்கு நினைவில்லை.

மனைவி சட்டைக் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தாள். தைத்து வரும் சட்டைகளை விளக்குக்கு அடியில் விரித்து, தையல் விட்ட இடம், பட்டன் ஓட்டை பிசிறிய இடம், காலர் ஒரு நூல் ஏறி இறங்கிய இடம் எல்லாவற்றிலும் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவது அவள் வேலை. குற்றம் கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிற பெண்ணைக் கட்டிக்கொண்டதாக அவர் நண்பர்களிடம் சொல்வதுண்டு. ஆனால் வீட்டில் அவள் அப்படி ஒன்றும் பேசுகிறவள் இல்லை. கம்பெனியில் ஒருநாளைக்கு நானூறு குற்றம் பார்த்த கண்ணுக்கு வீட்டுக்கு வந்த பிறகு ஓய்வு தேவைப்பட்டதோ என்னவோ.

காலை ஏழு நாற்பதுக்கு வண்டியைக் கிளப்பும் சடங்கு தொடங்கும். முதலில் பெட்ரோல் குழாயைத் திறக்க வேண்டும். பிறகு கார்புரேட்டர் பக்கத்தில் இருக்கும் பொத்தானைப் பெட்ரோல் ததும்பும் வரை அமுக்க வேண்டும். சாவி போடாமல் மூன்று உதை, சாவி போட்டு நாலாவது உதை. நாலாவதில் கிளம்பினால் அன்று அவர் முகம் தெளிவாக இருக்கும். ஒன்பதாவதில் கிளம்பினால் அன்று வருகிற நோயாளிகளின் பல் கொஞ்சம் இறுக்கமாக அமையும். பெட்ரோலில் ஆயில் கலக்க ஆய்வகத்து அளவுக் குழாயை வைத்திருந்தார். கோட்டுக்கு மேல் ஒரு சொட்டு போகாது. அப்படிக் கலந்தும் வண்டி விடுகிற புகையில் மாடி வீட்டுக்காரம்மா கொடியில் கிடக்கும் துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடுவாள். வண்டி தெருமுனை திரும்பிய பிறகு திரும்பவும் உலர்த்துவாள். இதைப் பற்றி அவள் குறை சொல்லி அலுத்து, பிறகு கடிகாரத்துக்குப் பதிலாகப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டாள்.

வீட்டிலிருந்து கம்பெனிக்கு ஏழு கிலோமீட்டர். நடுவில் ரயில் பாதைக்கு மேல் ஒரு பாலம். பாலத்தைத் தாண்டினால் முதலில் கிளினிக், அதையும் தாண்டிக் கம்பெனி. மனைவியைக் கம்பெனி வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பி வந்து கிளினிக்கைத் திறப்பார். சாயங்காலம் போய் அழைத்து வருவார்.

அந்தப் பாலத்து ஏற்றத்தில் இரண்டு பேரை வைத்துக்கொண்டு வண்டி ஏறாது. வாங்கிய முதல் வாரமே பாதியில் மூச்சிரைத்து நின்றது. அன்றிலிருந்து ஏற்பாடு இதுதான்: பாலத்தின் அடியில் மனைவி இறங்கிக்கொள்வாள். அவர் மட்டும் ஏற்றத்தில் ஏறி உச்சியில் நின்று, என்ஜினை அணைக்காமல் காத்திருப்பார். அவள் ஓரமாக நடந்து ஏறி வந்து உட்காருவாள். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. மழைக்காலத்தில் குடையோடு. பாலத்தில் தினம் போகிறவர்கள் இருவரையும் அடையாளம் தெரிந்து வைத்திருந்தார்கள். பஸ்ஸின் ஜன்னலிலிருந்து ஒருநாள் யாரோ, "அக்கா, வண்டிய விட நீங்கதான் நல்லா ஏறுறீங்க" என்று கத்தினார்கள். அவள் கையை உயர்த்திக் காட்டினாள்.

இப்படியே பதினோரு வருஷம் ஓடியது. மகள் படித்து முடித்து வேறு ஊரில் வேலைக்குப் போனாள். இவர்களுடைய காலை மட்டும் மாறவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை கம்பெனி வாசலில் இறங்கிய மனைவி, "என்னங்க, சத்தம் ஒரு மாதிரி இருக்கு. தொண்டை கட்டின மாதிரி" என்றாள்.

"நேத்துத்தான் பாயிண்ட் சுத்தம் பண்ணி வெச்சேன். முன்னைவிட நல்லாத்தான் இருக்கு."

"நல்லாத்தான் இருக்கும். ஆனா ஒரு மாதிரி இருக்கு."

அவர் கேட்டுக்கொள்ளவில்லை. பாயிண்டில் தீப்பொறி விழும் நேரத்தை அவரே அளவு வைத்துத் திருத்தியிருந்தார். மயிரிழை கனத்துக்குப் பல் தேய்க்கிற கை தப்பாது என்பது அவர் நம்பிக்கை. கை தப்பியிருந்தது. பொறி விழ வேண்டிய நேரத்துக்கு முன்னாலேயே விழுந்துகொண்டிருந்தது.

வியாழக்கிழமை காலை நாலாவது உதையில் வண்டி கிளம்பவில்லை, திருப்பி உதைத்தது. கிக்கர் அவர் பாதத்தை மேலே தூக்கி அடித்தது. அவர் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு, கத்தக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். எலும்பு முறியவில்லை. கணுக்காலில் சவ்வு கிழிந்திருந்தது. படம் எடுத்துப் பார்த்த எலும்பு டாக்டர் கட்டுப் போட்டார். "ஊன்றி நடக்கலாம், உட்கார்ந்து வேலை பாக்கலாம். ஆனா ஆறு வாரத்துக்கு எதையும் உதைக்கக் கூடாது" என்றார்.

"யாரையுமா?" என்று மனைவி கேட்டாள்.

டாக்டர் சிரித்தார். பல்லுக்காரர் சிரிக்கவில்லை. டாக்டரின் கீழ்வரிசையில் ஒரு பல் சாய்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுப் பக்கம் பஸ் மணிக்கு ஒன்று, அதுவும் மனசு வைத்தால். முதல் இரண்டு நாள் இருவரும் நேரம் கழித்துத்தான் வேலைக்குப் போனார்கள். சனிக்கிழமை சாயங்காலம் மனைவி பீரோவைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து மேஜையில் வைத்தாள். உள்ளே அவளுடைய லைசென்ஸ். இரு சக்கர வண்டிக்கு. கல்யாணத்துக்கு முன்னால் அவள் அப்பா வண்டியில் ஓட்டிப் பழகி எடுத்தது. தவறாமல் புதுப்பித்திருந்தாள். கடைசியாகப் புதுப்பித்தது போன வருஷம்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது இருக்குன்னு நீ சொல்லவே இல்லையே?"

"கல்யாணப் பேச்சுல எங்கப்பா சொன்னாரே. நீங்கதான் அப்போ எங்க மாமா பல்லைப் பாத்துட்டு இருந்தீங்க."

"சரி, ஓட்டணும்னு ஒரு தடவை கேட்டிருக்கலாமே?"

"நீங்களும் ஒரு தடவை குடுத்திருக்கலாமே."

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வாசலில் நாற்காலி போட்டு, காலை ஒரு ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்துகொண்டார். முதல் வேலையாக அவளை விட்டுப் பாயிண்டைத் திருப்பிச் சரிசெய்ய வைத்தார். பிறகு ஒரு தாளில் எழுதி வைத்திருந்த பதினான்கு விதிகளைப் படிக்கத் தொடங்கினார். ஐந்தாவது விதி படிக்கும்போது வண்டி கிளம்பிவிட்டது. இரண்டாவது உதையிலேயே. மனைவி தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தாள். கியர் மாற்றும்போது ஒரு தடவை கரகரவென்று சத்தம் கேட்டது, அவருக்குத் தன் எலும்பே அரைபடுவது போல இருந்தது. இரண்டாவது சுற்றில் அந்தச் சத்தம் இல்லை. மாடி வீட்டுக்காரம்மா பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, திரும்பவும் துணியை அள்ள வேண்டியதாகிவிட்டதே என்று முகத்தைச் சுளித்தாள். பிறகு ஓட்டுவது யார் என்று பார்த்துவிட்டுத் துணியை மறந்து நின்றாள்.

திங்கட்கிழமை பல்லுக்காரர் தன் வாழ்க்கையில் முதல் முறையாகத் தன் வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்தார்.

உட்கார்ந்ததுமே ஒரு கம்பிச்சுருள் குத்தியது. நகர்ந்து உட்கார்ந்தால் இன்னொன்று. முன்னால் உட்காருகிறவனுக்கு ரோடு தெரியும், பள்ளம் வருமுன்னே உடம்பு தயாராகிவிடும். பின்னால் உட்கார்ந்தால் முதுகுதான் தெரிகிறது, பள்ளம் வந்து விழுந்த பிறகுதான் தெரிகிறது. ரயில் பாதையை அடைவதற்குள் அவருடைய இடுப்பு இரண்டு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டது. வலது காலை வைக்கிற கட்டை புகைக்குழாய்க்கு ஒட்டினாற்போல இருந்தது. பாதத்தை எப்படி வைத்தாலும் குதிகால் சுட்டது. கிளினிக்கில் இறங்கிப் பார்த்தால் செருப்பின் விளிம்பு உருகி, பேன்ட்டின் மடிப்பில் ஒரு பொட்டு கருகியிருந்தது.

மனைவி வருஷத்துக்கு மூன்று ஜோடி செருப்பு வாங்குவாள். பெண்களுக்குச் செருப்பு ஆசை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்குப் பாலத்தைப் பற்றி ஒன்றும் பிரச்சினை எழவில்லை. கட்டுப் போட்ட காலோடு அவரால் ஏறி நடக்க முடியாது என்று முன்பே பேசி, பாலத்தைச் சுற்றிக்கொண்டு ரயில்வே கேட் வழியாகப் போனார்கள். கேட் மூடியிருந்தது. இருபது நிமிஷம் நின்றார்கள். செவ்வாயும் மூடியிருந்தது. புதனும். மனைவிக்குக் கம்பெனியில் மூன்று நாளும் தாமதம் என்று குறிப்பு விழுந்தது.

வியாழக்கிழமை அவள் கேட் பக்கம் திரும்பவில்லை. நேரே பாலத்துக்கு விட்டாள். அவர் பின்னாலிருந்து, "ஏறாது, ஏறாது, நிறுத்து" என்றார். காற்றில் அவளுக்குக் கேட்கவில்லையோ, கேட்டும் கேட்காததுபோல இருந்தாளோ. ஏற்றம் தொடங்குவதற்கு நூறு அடி முன்னாலேயே வேகத்தைக் கூட்டினாள். வண்டி உறுமிக்கொண்டு ஏறியது. கால்வாசியில் இரண்டாவது கியர். பாதியில், அவர் எப்போதும் பயந்து கையைத் தளர்த்துகிற அதே இடத்தில், அவள் முதல் கியருக்கு இறக்கிப் பிடியைத் தளர்த்தாமல் முறுக்கினாள். வண்டி அலறியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிஸ்டன் போச்சு, ரிங் போச்சு, எல்லாம் போச்சு என்று எண்ணிக்கொண்டிருக்கும்போது முகத்தில் காற்று மாறியது. கண்ணைத் திறந்தார். பாலத்தின் உச்சியில் இருந்தார்கள். கீழே தண்டவாளங்கள் வெயிலில் பளபளத்தன.

கிளினிக் வாசலில் இறங்கி, ஊன்றுகோலைச் சரியாகப் பிடித்துக்கொண்டு அவர் கேட்டார். "ஏறும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் நடந்துதானே வந்தேன்" என்றாள். கியரைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அன்று அவருக்கு வேலை ஓடவில்லை. வருஷத்தில் முந்நூறு நாள், நாளைக்கு இரண்டு தடவை, பதினோரு வருஷம் என்று பென்சிலை எடுத்துப் பெருக்கத் தொடங்கி, விடை வருமுன் தாளைக் கசக்கிப் போட்டார். வண்டிக்கு வலிக்கக்கூடாது என்றுதான் அவர் அந்த இடத்தில் கையைத் தளர்த்தினார். அது உண்மை. அந்த நினைப்பில் வண்டிக்கு வலிப்பது மட்டுமே இருந்தது என்பதும் உண்மை. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் டாக்டரம்மா வந்து, முடிக்க வேண்டிய கீழ்வரிசை ஏன் இன்னும் மெழுகாகவே இருக்கிறது என்று கேட்டார்.

அடுத்த வாரத்தில் ஒருநாள் காலை அவர் வண்டியருகே போனபோது அதன் மேல் சிவப்பு அம்புகள் ஒட்டியிருந்தன. கம்பெனி ஸ்டிக்கர். ஏழு இருந்தன. கிளட்ச் வயர் பிரிந்த இடத்தில் ஒன்று. பின்சக்கரத்தில் தளர்ந்த ஆரத்தில் ஒன்று. பின்சீட்டில் இரண்டு. புகைக்குழாயில் ஒன்று. செயின் கார்டில் ஒன்று. ஏழாவதைத் தேடிக் கண்டுபிடிக்க நேரமானது. அவருடைய ஹெல்மெட்டின் பின்பக்கம் ஒட்டியிருந்தது.

"இது எதுக்கு?" என்று ஹெல்மெட்டைத் தூக்கிக் காட்டினார்.

"இதையும் கொஞ்சம் கவனிக்கணும்னு தோணிச்சு" என்றாள் அவள், டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே.

அவர் கோபப்படத்தான் நினைத்தார். சிரிப்பு முந்திக்கொண்டது. அவளும் சிரித்தாள்.

மத்தியான இடைவேளைகளில் அவர் அந்த அம்புகளை ஒவ்வொன்றாக எடுத்தார். சீட்டைப் பிரித்துப் புதுப் பஞ்சு வைத்தார். புகைக்குழாயின் மேல் போர்த்த மெல்லிய தகடு ஒன்றை வளைத்தார். அதை இறுக்கிப் பிடிக்கப் பல்செட்டுக்குப் போடுகிற கம்பியிலேயே நான்கு கிளிப் செய்தார். பக்கத்துப் பல்லைக் கவ்வுகிற அதே வளைவு, அளவு மட்டும் பெரிது. அதைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது டாக்டரம்மா உள்ளே வந்துவிட்டார். கிளிப் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"எந்தப் பேஷன்ட்டுக்கு இது? வாய் இவ்வளவு பெரிசா இருக்கே!"

"இல்ல மேடம், இது... வீட்டுக்கு."

"உங்க மிஸஸுக்கா?"

"அவங்க காலுக்கு மேடம்."

டாக்டரம்மா மேற்கொண்டு கேட்கவில்லை. சில விஷயங்களைக் கேட்காமல் இருப்பதே நல்லது என்ற முடிவோடு வெளியே போனார்.

மகள் ஃபோனில் விஷயத்தைக் கேட்டு நம்பவில்லை. "அப்பா பின்னாடியா? அம்மா முன்னாடியா? ஃபோட்டோ அனுப்புங்க" என்றாள். மாடி வீட்டுக்காரம்மா எடுத்துக் கொடுத்தாள். படத்தில் மனைவி நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்திலிருந்த எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

கணுக்கால் ஆற ஆறு வாரம் என்றார்கள், ஒன்பது ஆனது. ஆறிய பிறகு சாவி யார் கையில் என்பதைப் பற்றி உட்கார்ந்து பேசவில்லை. பத்தாவது வாரம் திங்கட்கிழமை காலை இருவரும் வாசலில் வண்டிக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். பிறகு அவர் பின்பக்கம் போனார். கம்பெனி வாசல் வரை அவள் ஓட்டினாள், அங்கிருந்து கிளினிக்குக்கு அவர் ஓட்டினார். அதுவே வழக்கமானது. போகும்போது அவள், வரும்போது அவர்.

முதல் நாள் சாயங்காலம் பாலத்தின் அடிக்கு வந்ததும் அவர் கை பழக்கத்தில் தளர்ந்தது. பின்னால் யாரும் இறங்கவில்லை.

"ஏத்துங்க" என்றாள்.

முதல் தடவை பாதியில் நின்றுவிட்டது. பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தது. இருவரும் தள்ளிக்கொண்டு கீழே வந்து, நூறு அடி பின்னால் போய்த் திரும்பவும் கிளம்பினார்கள். இரண்டாவது தடவை ஏறியது. அவளைப் போல அவ்வளவு சுளுவாக இல்லை, ஆனாலும் ஏறியது.

மறுவருஷம் கம்பெனி தன் ஆட்களுக்கு பஸ் விட்டது. அவர்கள் தெருமுனையிலேயே நிறுத்தம். மனைவி முதல் நாளே பஸ்ஸில் ஏறிவிட்டாள். அவருக்கு அது கொஞ்சம் உறுத்தியது. ஒரு வாரம் கழித்துக் கேட்டார். "வண்டி பிடிக்கலையா?"

"பஸ்ஸுல ஜன்னலோரம் உக்காந்து தூங்கலாம்" என்றாள். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. அவர் தனியாகக் கிளினிக்குக்குப் போய் வந்தார். ஒற்றை ஆளுக்கு வண்டி இன்னும் சுகமாகவே ஓடியது. சில நாள் பாலத்தில் கம்பெனி பஸ் அவரைத் தாண்டிப் போகும். ஜன்னலோரத்தில் அவள் தூங்கிக்கொண்டிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் சமையலை முடித்துவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்புவாள். எங்கே என்று சொல்வதில்லை. முதல் இரண்டு வாரம் அவர் கேட்கவில்லை. மூன்றாவது வாரம் டேங்க்குக்குள் குச்சியை விட்டுப் பார்த்தார். நாற்பது கிலோமீட்டராவது போயிருக்க வேண்டும்.

"எங்க போய்ட்டு வர்றே?"

"சும்மா. ஒரு ரவுண்டு."

"எந்தப் பக்கம்?"

"ரோடு போற பக்கம்."

அவருக்கு இன்னும் கேட்க வேண்டும்போல இருந்தது. பதினோரு வருஷம் அவரும் அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகக் கிளம்பினார், அவளும் ஒரு தடவைதான் கேட்டாள் என்பது ஞாபகம் வந்து, விட்டுவிட்டார். அவள் போன பிறகு பாத்திரங்களைத் துலக்கி, பேப்பர் படித்து, குட்டித் தூக்கம் போடுவார்.

போன மாதம் ஒரு ஞாயிறு. பன்னிரண்டு மணிக்கு வந்துவிடுகிறவள் ஒன்றரை ஆகியும் வரவில்லை. ஃபோனை எடுத்தார், வைத்தார். இரண்டு தடவை வாசலுக்குப் போய் வந்தார். இரண்டு மணிக்குத் தெருமுனையில் புகை தெரிந்தது.

அவள் இறங்கி வண்டியை நிறுத்தினாள். இரண்டு கை விரல்களும் கரிபிடித்திருந்தன. நெற்றியில் முடியை ஒதுக்கின இடத்தில் ஒரு கோடு.

"பிளக்கா?" என்றார்.

"பிளக்குதான். ஆயில் ஏறி அடைச்சிருந்துச்சு."

"ஸ்பானர்?"

"சீட்டுக்கு அடியில இருந்துச்சு. கழட்டித் துடைச்சுப் போட்டேன். சூடு ஆறணும்ல, அதான் நேரமாயிடுச்சு. ஒரு மரத்தடியில உக்காந்திருந்தேன்."

"எனக்கு ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாமே?"

"பண்ணி? நீங்க எதுல வருவீங்க?"

அவர் யோசித்துப் பார்த்தார். மணிக்கு ஒரு பஸ்தான். உள்ளே போய், பிளாஸ்டர் மாவு போக அவர் கை கழுவுகிற சோப்பை எடுத்து வந்து கொடுத்தார். சாதாரண சோப்புக்கு அந்தக் கரி போகாது. அவள் குழாயடியில் நின்று விரல் விரலாகத் தேய்த்தாள். அவர் தட்டு வைத்தார். இருவரும் சாப்பிட உட்கார்ந்தபோது இரண்டரை மணி இருக்கும்.